அறுபத்து நான்கு நாள்

தங்கமாரியைப் பற்றி யாரைக் கேட்டாலும் நல்ல உழைப்பாளி என்பார்கள். உழைப்பு கிடக்கட்டும். நான் சொல்லப்போவது அவளுடைய கோபத்தைப் பற்றி. நான்கு வருஷம் ஆறவிடாமல் வைத்திருந்து, ஆள் எதிரில் வந்து உட்கார்ந்ததும் பதறாமல் இறக்கினாளே, அந்தக் கோபம்.

2008 பொங்கல் கழிந்து சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து, பென்னலூரில் எங்கள் வீட்டு மாடி அறைக்குக் குடிவந்தாள். சுங்குவார்சத்திரத்தில் ஒரு தொழிற்சாலையில் நாங்கள் இருவரும் ஒரே லைனில் சார்ஜர் பூட்டினோம். நான் கம்பெனி ஆள், அவள் கான்ட்ராக்ட் ஆள். அவளுக்குச் சம்பளம் போட்டவன் கண்ணப்பன். டீக்கடை மாடியில் ஒரு கம்ப்யூட்டரையும் ஒரு மேசை விசிறியையும் வைத்துக்கொண்டு முந்நூறு பேருக்குச் சம்பளம் போடுகிற கான்ட்ராக்டர்.

அவனுக்கு ஒரு வழக்கம் உண்டு. பண்டிகைக்கு ஊருக்குப் போன பெண் திரும்பி வராவிட்டால், அவளுடைய பஞ்சிங் கார்டை அடுத்து வருகிறவளிடம் கொடுத்துவிடுவான். மேலே புதுப் போட்டோவை ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது. புதிதாகப் படிவம் நிரப்பி இ.எஸ்.ஐ. காப்பீட்டில் பெயர் சேர்க்க அவனுக்கு உடம்பு வணங்காது; புதியவள் சம்பளத்தில் பிடிக்கிற பணம் பழையவள் பெயரிலேயே போய் விழும். தங்கமாரிக்கு வந்தது 417. அதற்கு முன் அது கோவில்பட்டி உலகம்மாளின் நம்பர். எங்களுக்கு அது சிரிப்பாக இருந்தது. “உலகம்மா, சாப்ட வர்றியா” என்று நானே அவளைக் கிண்டல் செய்திருக்கிறேன். என் வாயில் மண்ணை அள்ளிப் போட.

ஒருமுறை அவள் கேட்டாள், நானும் கூட நின்றேன். “சார், மாசாமாசம் இ.எஸ்.ஐ.க்குப் பிடிக்கீங்கல்லா, கார்டு இன்னும் வரலையே?”

“நம்பர் கீதும்மா. நம்பர் இருந்தா போதும். பேரு இன்னா பேரு” என்றான்.

2010-இல் அவள் உண்டானாள். கணவன் பிச்சையா வேன் ஓட்டிக்கொண்டிருந்தான், வண்டி ஓடினால்தான் காசு. பிரசவத்துக்கு எண்பத்து நான்கு நாள் சம்பளத்தோடு வீட்டில் இருக்கலாம், இ.எஸ்.ஐ.யில் கொடுப்பார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து அவள் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். எட்டாம் மாதம் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு இ.எஸ்.ஐ. அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த அம்மா பொறுமையாக இரண்டு தடவை பார்த்துவிட்டு, “இந்த நம்பர்ல உலகம்மாள்னு இருக்கு. உங்க பேர்ல ஒரு மாசம்கூட பணம் வரலையேம்மா” என்றார்.

அந்த வயிற்றோடு டீக்கடை மாடிப்படி ஏறினாள். கண்ணப்பன் நாற்காலியை விட்டு எழவில்லை.

“சின்ன மிஸ்டேக்குதான். அந்த உலகம்மாளைக் கூட்டிகினு வா, ஒரு கையெழுத்து போட்டா மாத்திடலாம். இதுக்கோசரமா இம்மாம் பெரிய வயித்தத் தூக்கிகினு வந்த?”

சொல்லிவிட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பை எழுதும்போது இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கனிஷ்கா பிறந்த இருபதாம் நாள் தங்கமாரி லைனுக்குத் திரும்பினாள். குழந்தைக்கு என் அம்மா சுந்தராம்பாள் புட்டிப்பால் கொடுத்தாள். லைனில் பத்து மணி ஆனால் இவளுக்கு மார்பு கட்டிக்கொள்ளும். நீலக் கோட்டு நனைந்துவிடும். கழிப்பறைக்குப் போய்ப் பாலைப் பீய்ச்சித் தண்ணீர் ஊற்றிவிட்டு வருவாள். ஒருநாள் நானும் கூடப் போனேன். அவள் அழவில்லை.

“அவன் ஒரு பேர மாத்தி அடிச்சிருந்தா எம்புள்ள எம்மடியில கெடந்திருக்கும், தென்றலு. இவன நான் விடமாட்டேன் பாத்துக்கோ.”

ஏதோ வயிற்றெரிச்சலில் சொல்கிறாள் என்று நினைத்தேன். அடுத்த வருஷமே ஷிஃப்ட் முடிந்து ஸ்ரீபெரும்புதூருக்கு பஸ் ஏறி, சம்பளக் கணக்கு வகுப்பில் சேர்ந்தாள். 2012-இல் ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் சம்பளப் பிரிவில் வேலை கிடைத்தது. பிறகு என்னையும் அங்கே ஸ்டோர்ஸில் சேர்த்துவிட்டாள். புதிதாக வருகிறவர் யாராக இருந்தாலும் பெயர், பிறந்த தேதி, இ.எஸ்.ஐ. நம்பர் எல்லாம் ஏறிய பிறகுதான் லைனுக்கு அனுப்புவாள். மேனேஜர் அண்ணாதுரை முதலில் சலித்துக்கொண்டார். சம்பள நாளில் அவர் அறை வாசலில் சண்டைக்கு நிற்கும் கூட்டம் காணாமல் போனதும் வாயை மூடிக்கொண்டார்.

2014-இல் அந்தக் கம்பெனிக்கு ஆள் அனுப்பக் கண்ணப்பன் வந்தான். அறுபது பேர். முதல் மாத பில் தங்கமாரி மேசைக்கு வந்தது. இ.எஸ்.ஐ. பட்டியலோடு ஒவ்வொரு பெயராக ஒத்துப் பார்த்தாள். இருபத்து மூன்று பேர் வேறு யார் யாருடைய நம்பரிலோ இருந்தார்கள். அதில் கவியா என்ற பெண் ஐந்து மாத கர்ப்பிணி. இரண்டு வருஷமாக இவனிடம் வேலை செய்கிறவள்.

பில் திரும்பிப் போனது. அவன் ஓடி வந்தான். இரண்டு நாள் பெஞ்சில் உட்கார வைத்தாள். மூன்றாம் நாள் உள்ளே விட்டாள். அவனுக்கு இவளை அடையாளம் தெரியவில்லை. ஸ்டோர்ஸ் பில்லோடு போன நான் அங்கேயே நின்றுகொண்டேன். கூப்பிட்டாலும் போயிருக்க மாட்டேன்.

“மேடம், சின்ன மிஸ்டேக்கு. பில்ல வுடுங்க, அடுத்த மாசம் சரி பண்ணிடறேன்.”

“சரி பண்ணிட்டு வாங்க, விடுதேன்.”

அவன் முகம் மாறியது. “பில்லு வரலன்னா இந்தப் பொண்ணுங்களுக்கு ஏழாந்தேதி சம்பளம் கெடையாது. அவங்க வயிறு எரிஞ்சா உங்களத்தான் திட்டுவாங்க.”

பழிவாங்கப் போய், அடி அந்தப் பெண்களின் தலையில் விழப்போகிறதே என்று பயந்தேன். தங்கமாரி ஒரு காகிதத்தைத் திருப்பி அவன் பக்கம் வைத்தாள். கான்ட்ராக்டர் கொடுக்காத கூலியைக் கம்பெனியே நேராகக் கொடுத்துவிட்டு, அவன் பில்லில் கழித்துக்கொள்ளச் சட்டத்தில் இடம் உண்டு. மேனேஜர் கையெழுத்து ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தாள்.

“அறுபது பேருக்கும் ஏழாந்தேதி சம்பளம் வந்திரும். மிச்சப் பணம், நீங்க இவங்க பழைய மாசம் எல்லாத்தையும் சொந்தப் பேருக்கு வட்டியோட கட்டுன ரசீதக் காட்டுத வரைக்கும் இங்கதான் கெடக்கும்.”

கூடவே பழுத்துப்போன ஒரு சம்பளச் சீட்டையும் தள்ளினாள். 417. அவன் அதைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

“நீயா... நீங்களா மேடம். அப்போ உங்களுக்கு வரவேண்டியத இப்போ செட்டில் பண்ணிடறேன். பத்தாயிரமோ இருபதாயிரமோ, கேளுங்க.”

“இருபது நாளு வீட்ல இருந்தேன். மிச்சம் அறுபத்து நாலு நாளு. அத எந்த பேங்க்ல போட்டு வச்சிருக்கீரு?”

இருபத்து மூன்று பேருக்கும் கட்டி முடிக்க அவனுக்கு இரண்டரை மாதம் ஆனது, ஆட்களை ஏற்றிவர வைத்திருந்த தன் வேனை விற்றான். வருஷ முடிவில் கான்ட்ராக்ட் போனது. படியிறங்கிப் போனவனை ஜன்னல் வழியாகக் கடைசி வரை பார்த்துக்கொண்டு நின்றாள் தங்கமாரி. பாவம் என்று ஒரு வார்த்தை அவள் வாயிலும் வரவில்லை, என் வாயிலும் வரவில்லை.

கவியா விடுப்புக் கடிதம் கொடுக்க வந்த அன்றும் நான் இருந்தேன். “எண்பத்து நாலு நாளு எதுக்குக்கா, ரெண்டு மாசத்துல வந்துடறேன்” என்று சிரித்தாள் அந்தப் பெண். தங்கமாரி சிரிக்கவில்லை. கடிதத்தில் தேதியை இரண்டு தடவை சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டாள்.

“ஒரு நாளு முன்னால வந்தாலும் கேட்டுக்குள்ள விடமாட்டேன். போ.”

கவியா போனதும் உட்கார்ந்தாள். காலையிலிருந்து வைத்திருந்த டீ ஆறிப்போயிருந்தது. அதைத் தள்ளிவைத்துவிட்டு, “எம்புள்ளைக்கு நாலு வயசு முடிஞ்சிட்டு, தென்றலு” என்றாள்.