குடைத்துணி வைத்த கோட்டு

என் தாய்மாமா கல்யாணத்தில் போட்ட கோட்டைத் தைத்தது என் அம்மாதான். நாலு பேர் நடுவில் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவன் நான். ஆனாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கோவில்பட்டியில் பெண் வீட்டார் கருநீலத் துணி எடுத்துக் கொடுத்து, மாப்பிள்ளை கார் ஊர்வலத்தில் கோட்டுப் போட்டுத்தான் வரவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். முகூர்த்த மாதம், எந்த டெய்லரும் துணியைக் கையில் வாங்கவில்லை. மாமா அதைக் கொண்டுவந்து அம்மா மடியில் போட்டார்.

"ரவிக்கை தைக்கிறவகிட்ட கோட்டைக் கொண்டாந்தா எப்படிலே?"

"நீ தச்சிருவக்கா. நெஞ்சுல ரெண்டு பக்கமும் திருப்பி விட்டிருக்கும்லா, அதுக்கு ரிவேர்னு பேராம். அது மட்டும் எடுப்பா நிக்கணும்."

இரவல் வாங்கிய ஒரு கோட்டைப் பிரிக்காமல், மேலாகப் பார்த்தே அம்மா வெட்டித் தைத்தாள். மாமாவுக்கு மாட்டி நெஞ்சு மடிப்பைத் திருப்பினாள். திரும்பி வந்தது துணியின் உள்பக்கம். மங்கல் நிறமும் தையல் நூலும் பல்லை இளித்தன.

"உள்ள கெடக்கதுதான வெளிய வருது! உள்ளயும் நல்ல துணி வச்சுல்லா தச்சிருக்கணும்" என்று அம்மா தலையில் கை வைத்தாள். ரிவேர் என்பது பிரெஞ்சுச் சொல், மறுபக்கம் என்று பொருள் என்று பல வருஷம் கழித்து ஒரு ஜவுளிக்கடை அண்ணாச்சி சொன்னார். அம்மா அதை அன்றைக்கே கையால் கண்டுபிடித்துவிட்டாள்.

ஆனால் மீதித் துணி ஒரு சாண் கூட இல்லை. சம்பந்தி வீட்டுத் துணியைக் கெடுத்துவிட்டோமே என்று அவளுக்கு அழுகை முட்டியது.

அப்பா ஆணியில் தொங்கிய தன் புதுக் குடையை எடுத்து நீட்டினார். "ஏட்டி, கரிசக்காட்டுல என்னைக்கு மழை பேஞ்சுது? வெட்டு."

பளபளப்பான கருப்பு நைலான் துணி. அதன் முக்கோணத் துண்டுகள் அந்த மடிப்புக்கென்றே வெட்டியவை போல உட்கார்ந்தன.

ஊர்வலத்தில் காஸ் லைட்டு வெளிச்சம் பட்டு மாமாவின் நெஞ்சு மின்னியது. பெண்ணின் அக்கா தொட்டுப் பார்த்தாள்.

"எங்கன தச்சது மதினி? இந்த மாதிரி ரிவேர் இங்க ஒருத்தரும் போட்டுப் பாக்கலையே!"

"மதுரையில" என்றாள் அம்மா.

நான் வாயைத் திறப்பதற்குள் என் காலை மிதித்தாள். கல்யாணம் முடியும்வரை நான் அவளோடு பேசவில்லை. அத்தனை பேர் மெச்சும்போது, நான்தான் தைத்தேன் என்று சொல்ல அவளுக்கு என்ன கேடு என்று நினைத்தேன். வீட்டில் வைத்து அக்கா தைத்த கோட்டு என்று பெண் வீட்டாருக்குத் தெரிந்திருந்தால், மாமா அந்தக் காரில் அவ்வளவு நிமிர்ந்து உட்கார்ந்திருக்க முடியாது என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை.