முதல் அணியின் நடுவில் நிற்பவள்

இன்று மதியம், கள்ளக்குறிச்சியில் இருக்கும் எங்கள் போட்டோ பிரேம் கடைக்குக் கல்லூரிப் பெண்கள் இருவர் வந்தார்கள். நான் படித்த கல்லூரியின் கூடைப்பந்து அணிக்காரர்கள்.

முதல் பெண்கள் அணிக்கு வெள்ளிக்கிழமை விழாவாம். விளையாட்டு அறையில் மாட்ட அந்தப் பழைய படத்துக்குப் பிரேம் வேண்டும்.

மங்கிப்போன அந்தப் படத்தில், நடுவில் பந்தோடு நிற்பது நான்.

வீட்டில் டைப்பிங் கிளாஸ் என்று பொய் சொல்லித்தான் மூன்று வருடமும் விளையாடினேன். இன்றுவரை யாருக்கும் தெரியாது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமியார் எட்டிப் பார்த்தார். கண்ணாடி போடாததால் முகம் தெரியவில்லை, அரை டிராயர் மட்டும் தெரிந்தது.

"இன்னா டிரஸ்ஸு இது? பெத்தவங்க கேக்கவே மாட்டாங்களா?"

வந்த பெண்களில் ஒருத்தி சொன்னாள்: "நடுவுல நிக்கறவங்கதான் முதல் கேப்டன்க்கா. அவங்க பேரு மட்டும் கெடைக்கல. பேர் தெரியலன்னே போட்டுடுங்க."

பெயர் ஸ்டிக்கர் அடிப்பது என் வேலை. மற்றவர்கள் பெயரை அடித்துவிட்டேன். அந்த இடத்தில் 'பெயர் தெரியவில்லை' என்று அடிக்க விரல் வரவில்லை. என் பெயரையே அடித்தேன்.

ஸ்டிக்கரில் பெயரைப் பார்த்ததும் அந்தப் பெண் கேட்டாள்: "அக்கா, இவங்கள உங்களுக்குத் தெரியுமா?"

"கூடப் படிச்சவ" என்றேன்.

"ஐயோ, விழாவுக்குக் கூட்டிக்கினு வாங்கக்கா! எத்தனை நாளா தேடிக்கினு இருக்கோம்!"

மாமியார் என்னையே பார்த்தார். தலையாட்டிவிட்டேன்.

பெண்கள் போனதும் அவர் சொன்னார்: "நானும் வரேன். எவ அவன்னு பாக்கணும்."

வெள்ளிக்கிழமை நான் யாரைக் கூட்டிக்கொண்டு போவது? சொல்லுங்கள் மக்களே.