நூற்றுக்கால் மண்டபத்தில் நாலு தூண் குறைந்த கதை

1972 தை மாதம். முசரவாக்கம் பக்கம் ஒரு பள்ளியில் நான் நாலாம் வகுப்பு டீச்சர். என் பிள்ளைகள் வாய்ப்பாட்டைக் கடகடவென்று ஒப்பிப்பார்கள். பன்னிரண்டு எட்டை எங்கே பயன்படுத்துவது என்று கேட்டால் திருதிரு முழி. தானே தேடிக் கண்டுபிடித்தால்தான் கணக்கு மண்டையில் ஏறும் என்று ஆசிரியப் பயிற்சியில் படித்திருந்தேன். அதை நம்பி, காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலுக்குக் கூட்டிப்போக அனுமதி கேட்டேன்.

"ஊர் சுத்தறதுக்குப் பேரு பாடமா? திங்கக்கெழமை நானே கேள்வி கேப்பேன். பசங்க முழிச்சாங்கன்னா இதோட சரி" என்றார் தலைமையாசிரியர்.

சனிக்கிழமை காலை 7.20 பஸ். இருபத்திரண்டு பிள்ளைகள், ஆளுக்குப் பதினைந்து பைசா. "இன்னா டீச்சர், பள்ளிக்கூடத்தையே தூக்கினு வந்துட்டீங்க?" என்றார் கண்டக்டர். எட்டு மணிக்கு இறங்கி, சின்ன காஞ்சிபுரத்துக்கு மூன்று கிலோமீட்டர் நடை. தறிச் சத்தம் கேட்ட வாசலிலெல்லாம் நின்றதில் ஒரு மணி நேரம் ஆனது.

நூற்றுக்கால் மண்டபத்தில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: எத்தனை தூண்? எப்படி எண்ணுவது என்று வாயே திறக்கவில்லை. அப்பப்பா, என்ன கூச்சல்! ஒரு கூட்டம் தூணுக்கு ஒரு பிள்ளையை நிறுத்தியது. பிள்ளைகள் தீர்ந்துபோய்ச் சண்டை. விடைகள் 91, 98, 103 என்று வந்தன. வகுப்பில் பேசவே பேசாத குப்பு மட்டும் இரண்டு பக்கம் நடந்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"தொண்ணூத்தாறு, டீச்சர்."

"நாலை விட்டுட்ட. திரும்ப எண்ணு."

மறுபடியும் தொண்ணூற்றாறு. என் முகத்தைப் பார்த்த மற்றவர்கள் "நூறு, டீச்சர்!" என்று கத்தினார்கள். எனக்குச் சுருக்கென்றது. நான் விரும்பியதைச் சொல்லத்தானே இவர்களைப் பழக்கியிருக்கிறேன்!

குப்புவின் கண் கலங்கியது. "எங்கப்பா வாழக்கன்னு இப்டிதான் எண்ணுவாரு. வரிசைக்குப் பன்னெண்டு, எட்டு வரிசை. நீங்களே எண்ணுங்க, டீச்சர்."

எண்ணினேன். தொண்ணூற்றாறேதான். பேரைக் கேட்டே நூறு என்று நம்பிக்கொண்டிருந்தவள் நான். மானம் போனாலும் மனசு துள்ளியது. "அடி என் ராசாத்தி!" என்று அவளைக் கட்டிக்கொண்டேன்.

திங்கட்கிழமை தலைமையாசிரியர் கேட்டதும் அதே கேள்வி. வகுப்பே "தொண்ணூத்தாறு!" என்றது.

"பேர்லயே நூறு இருக்குது! இதுக்குத்தான் பஸ் ஏறிப் போனீங்களா?"

குப்பு எழுந்தாள். "பன்னெண்டு எட்டு, சார். நீங்களே போய் எண்ணிப் பாருங்க."

அவர் விறுவிறுவென்று வெளியே போய்விட்டார்.

பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு: பத்து மணிக்குமேல் கல் சுடும், செருப்பும் கிடையாது, ஒன்பதுக்குள் உள்ளே போய்விடுங்கள். குடிக்கத் தண்ணீர் எடுத்துப்போங்கள். மண்டபத்து மூலையில் ஒரே கல்லில் செதுக்கித் தொங்கும் சங்கிலியைப் பார்க்க மட்டும் அரை மணி ஒதுக்குங்கள். முக்கியமாக, எண்ணிக்கையைச் சொல்லிவிடாதீர்கள். இதைப் படித்ததில் உங்களுக்கு அந்தச் சுகம் போச்சு, மன்னியுங்கள். பிள்ளைகளுக்காவது மிச்சம் வையுங்கள்.

தலைமையாசிரியர் கதையை முடிக்கவில்லையே! அடுத்த திங்கட்கிழமை வகுப்பு வாசலில் வந்து நின்றார். என்னைப் பார்க்கவில்லை, குப்புவைப் பார்த்தார்.

"தொண்ணூத்தாறுதாம்மா. ரெண்டு வாட்டி எண்ணிட்டேன்."