நிமிடத்துக்கு நூற்றுநான்கு அடி

மெக்கானிக்கின் விரல்கள் அந்தச் சின்னத் திருகை முடுக்கின, கால் சுற்று தளர்த்தின, மறுபடி முடுக்கின. தையல் கம்பெனியின் பின்பக்கம், ஓடி ஓய்ந்த மிஷின்களை அடுக்கிவைத்த அறைக்குள் அவருடைய வேலைமேசை. மேசைமேல் ஒரு பழைய மோட்டார். மோட்டார் சக்கரத்தில் வளைத்து மாட்டிய கம்பி. கம்பியின் நுனியில், அவர் மணிக்கட்டில் இருக்கவேண்டிய பட்டை. நடக்கும்போது எத்தனை அடி வைத்தோம் என்று எண்ணுகிற பட்டை அது. மோட்டார் சுற்றியது, கம்பி முன்னும் பின்னும் கைவீசியது, பட்டை எண்ணிக்கொண்டே போனது. நடக்கவேண்டியவர் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

இந்த ஏற்பாட்டுக்கு மூன்று நாள் பிடித்தது. அந்த மூன்று நாளில் அவர் நிஜமாகவே நடந்திருக்கலாம்.

அவருக்கு அறுபத்துநான்கு வயது. புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய். கதிர்வீச்சு முடிந்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊசி போட்டுக்கொள்கிறார். ஆண் ஹார்மோனைத் தின்று வளர்கிற நோய் என்பதால் ஊசி அந்தத் தீனியை நிறுத்திவிடும். நோய் பட்டினி கிடக்கும். ஆனால் அதே ஹார்மோனை நம்பித்தான் தசையும் எலும்பும் தெம்பும் இருக்கின்றன. ஆகவே கை கால் மெலிந்தது, வயிறு மட்டும் முன்னால் வந்தது, மதியம் ஆனதும் உடம்பு ஈரத்துணியாய்த் தொங்கியது. போதாததற்கு, சும்மா இருக்கும்போதே கழுத்திலிருந்து தலைக்கு நெருப்பு ஏறி, இரண்டு நிமிடத்தில் சட்டையை நனைத்துவிட்டு இறங்கிப்போனது.

நோயை அவர் கம்பெனியில் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் ஒருநாள் தையல் வரிசைக்கு நடுவே நின்று அட்டையால் விசிறிக்கொண்டிருந்தபோது, லைன் லீடர் அவரை மேலும் கீழும் பார்த்தாள். ஐம்பதைத் தொடப்போகிற, மாதவிலக்கு நிற்கிற வயதுப் பெண்மணி.

"என்னண்ணே, குப்புன்னு ஏறுதா?"

"வெயில்."

"மழை பெய்யுது."

மெக்கானிக் விசிறலை நிறுத்தினார்.

"கழுத்துல ஈரக் கைக்குட்டை போடுங்க. காரம் குறைங்க. ரெண்டு வருஷமா எனக்கும் அதேதான்" என்றாள். பிறகு வரிசையைத் திரும்பிப் பார்த்து, "அண்ணன் நம்ம சங்கத்துல சேர்ந்துட்டார், இனிமே ஃபேன் சண்டையில அவருக்கும் ஒரு ஓட்டு" என்று அறிவித்தாள். இருபத்திரண்டு மிஷினும் ஒரு நொடி நின்று சிரித்துவிட்டு ஓடின. அன்று மாலை அவளிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னார். அவள் 'அடடா' என்று ஆரம்பிக்காமல், "ஊசி எந்தக் கைல போடறாங்க?" என்று கேட்டாள். அது அவருக்குப் பிடித்திருந்தது.

இதெல்லாம் போகட்டும். அவரை ஆட்டிவைத்தது வேறொன்று. மிஷின் பழுதானால், மேசையிலிருந்து அதன் மேல்பாகத்தை, ஹெட் என்பார்கள், தூக்கி எடுக்கவேண்டும். இருபத்தெட்டு கிலோ இரும்பு. முப்பத்தொரு வருடமாக ஒற்றை ஆளாகத் தூக்கியவர். ஒரு மாதத்துக்கு முன் ஒன்பதாம் நம்பர் ஹெட் அவர் கையைவிட்டு நழுவி மேசை விளிம்பைப் பெயர்த்துக்கொண்டு விழுந்தது. யார் காலிலும் படவில்லை.

மேனேஜர் அவரை அறைக்குக் கூப்பிட்டார். "மெக்கானிக், உங்க உடம்பு எனக்குத் தெரியாது. முடியும்னு ஆஸ்பத்திரி லெட்டர் கொண்டாங்க. மூணு மாசம் டைம். இல்லேன்னா ஸ்டோர்ல உக்காந்துக்கங்க, நூல் எடுத்துக் குடுக்கலாம். சம்பளம் அதே சம்பளம்தான்."

ஸ்டோர் என்பது ஜன்னல் இல்லாத அறை. அங்கே நூல்கண்டும் கையெழுத்து நோட்டும் இருந்தன. பழுதாவதற்கு ஒன்றுமே இல்லை. உயிரோடு அலமாரியில் வைத்துப் பூட்டுவது என்றுதான் அவர் அதை நினைத்தார்.

லெட்டருக்காகத்தான் ஆஸ்பத்திரியின் பயிற்சி அறைக்குப் போனார். ஊசி போட்டுக்கொள்கிறவர்களுக்கென்றே அங்கே ஒரு பிசியோதெரபிஸ்ட் இருந்தாள். எலும்பு ஸ்கேனைப் பார்த்து, டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, பயிற்சி எழுதிக்கொடுத்தாள். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரைத் தள்ளுவது, ரப்பர் பட்டையை இழுப்பது, குதிகால் தூக்குவது. இவை வாரம் மூன்று நாள். நடை தினமும். மணிக்கட்டில் அந்தப் பட்டையையும் கட்டிவிட்டு, எட்டு வாரம் கழித்து வரச் சொன்னாள்.

நான்கு நாள் செய்தார். ஐந்தாம் நாள் அவருக்கு ஒரு யோசனை உதித்தது. இருப்பதே கொஞ்சம் தெம்பு, அதைச் சுவரைத் தள்ளிச் செலவழிப்பானேன்? சேர்த்து வைத்தால் சோதனை நாளில் மொத்தமாகப் பயன்படுமே! இப்படித்தான் மோட்டார் வந்தது.

வீட்டில் மனைவி விட்டுவிடுகிற ஆளில்லை. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இருபது வருடம் வேலை பார்த்தவள். துணியைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவாள்.

"இன்னைக்கு நடந்தீங்களா?"

"கம்பெனியிலயே முடிச்சுட்டேன். பாரு, பன்னெண்டாயிரம்."

அவள் பட்டையைப் பார்க்கவில்லை. சட்டையைக் கையில் எடுத்துப் புரட்டினாள். "காலர் மட்டும் நனைஞ்சிருக்கு. இது நடந்த வேர்வை இல்லீங்க. உக்காந்த வேர்வை."

"வேர்வைல என்னடி ஜாதி?"

"எல்லாம் தெரியும் எனக்கு" என்று சட்டையை வாளியில் போட்டாள்.

எட்டாவது வாரம் இருவரும் போனார்கள். பிசியோதெரபிஸ்ட் ஒரு நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டாள்.

"கையை மார்புல கட்டிக்கங்க சார். முப்பது வினாடி. எத்தனை தடவை எழுந்திருக்கீங்கன்னு பாப்போம். போன தடவை ஒம்பது."

சேர்த்துவைத்த தெம்பு எங்கே என்று மெக்கானிக் உடம்புக்குள் தேடினார். நான்குவரை பெருமையாக எழுந்தார். ஐந்தில் முட்டி முனகியது. ஆறுக்கு வாயைத் திறந்து மூச்சு வாங்கினார். எட்டாவதில் பாதி எழுந்தபோது மணி அடித்துவிட்டது.

"ஏழு" என்றாள் அவள். பிறகு பட்டையை வாங்கிக் கம்ப்யூட்டரில் மாட்டினாள். வெகுநேரம் பார்த்தாள். "தினம் பன்னெண்டாயிரம் அடி. ஞாயித்துக்கிழமை மட்டும் ஒண்ணுமில்ல. சரி, லீவு. ஆனா இதைப் பாருங்க. நிமிஷத்துக்கு நூத்திநாலு. அடுத்த நிமிஷமும் நூத்திநாலு. ரெண்டு மணி நேரமும் அதேதான். குறுக்க ஒரு நாய்கூட வரலையா சார்? செருப்பு வார்கூட அறுந்துபோகலையா?"

"நான் ஒரே சீரா நடப்பேன் மேடம்."

"இவரா?" என்றாள் மனைவி. "பால் வாங்கப் போனா பத்து இடத்துல நிப்பாரும்மா."

பிசியோதெரபிஸ்ட் நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். "எதுல கட்டினீங்கன்னு நான் கேக்கல. ஆனா கொஞ்சம் ஏத்த இறக்கமா ஓட விட்டிருந்தா நான் நம்பியிருப்பேன்."

"ஏத்த இறக்கமா ஓடினா அது ரிப்பேர் மேடம்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. மனைவி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள், தோள் குலுங்கியது. வேறொருவர் ஏமாற்றியிருந்தால் தப்பித்திருப்பார். மோட்டாரைத் தாறுமாறாக ஓட விட அவருக்குத்தான் கை வரவில்லை.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "இருக்கற பலத்தைச் சேத்து வைக்கலாம்னு பாத்தேன். வேலை முடிஞ்சு வந்தா எந்திரிக்கவே முடியல. லெட்டர் இல்லேன்னா என்னை ஸ்டோர்ல போட்டுடுவாங்க."

"சேத்து வைக்க முடியாது சார். நீங்க உக்காந்திருந்தாலும் ஊசி தசையைக் கரைச்சுக்கிட்டேதான் இருக்கும். வேலை குடுத்தாதான் கரையறது குறையும். அசதியும் அப்படித்தான், படுத்தா கூடும், கொஞ்சங் கொஞ்சமா அசைச்சா விடும்."

"எனக்கு அஞ்சு நிமிஷம் தாங்காதும்மா."

"சரி, விடுங்க" என்று அவள் எழுந்தாள். போகிற போக்கில், மூலையில் நின்ற பயிற்சி சைக்கிளைத் தட்டினாள். "நீங்க மெக்கானிக்தானே? இதுல ஏதோ டக்குனு ஒரு சத்தம் வருது. சும்மா பாத்தா தெரியாது. மிதிச்சாதான் வருது, அதுவும் எப்பவாவது. கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?"

மெக்கானிக்கின் முகம் மாறியது. சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஏறினார். மிதித்தார். காதைச் சாய்த்தார். "வலப்பக்கமா?" "தெரியல சார்." கொஞ்சம் வேகமாக மிதித்தார், மெதுவாக மிதித்தார், இறுக்கத்தை ஒரு புள்ளி கூட்டி மிதித்தார். நடுவில் ஒருமுறை நெருப்பு ஏறி இறங்கியது. மனைவி ஈரக் கைக்குட்டையை நீட்ட, கழுத்தில் போட்டுக்கொண்டு மிதித்தார். கடைசியில் நிறுத்தி, மூச்சு வாங்க, தீர்ப்புச் சொன்னார்.

"பேரிங் சுத்தமா இருக்கு. செயின் சுத்தமா இருக்கு. இதுல ஒரு சத்தமும் இல்ல மேடம்."

"இல்லதான். போன வாரம்தான் சர்வீஸ் பண்ணினோம்." அவள் கையிலிருந்த கடிகாரத்தை நிறுத்தினாள். "இருபத்திரண்டு நிமிஷம்."

மனைவி இந்த முறை முந்தானையைத் தேடவில்லை. வாய்விட்டே சிரித்தாள். மெக்கானிக் சைக்கிளை ஒரு துரோகியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

லெட்டர் கிடைத்தது. ஆனால் அவர் கேட்ட லெட்டர் இல்லை. மிஷின் வேலை எல்லாம் செய்யலாம், பன்னிரண்டு கிலோவுக்குமேல் தனியாகத் தூக்கக் கூடாது, இரண்டு பேராகத் தூக்கவேண்டும், பன்னிரண்டு வாரம் கழித்து மறுபடி சோதனை என்று இருந்தது.

"ரெண்டு பேரா? முப்பத்தொரு வருஷமா நான் ஒத்தை ஆளா..."

"முப்பத்தொரு வருஷமா உங்க முதுகுக்குத் தைலம் தேய்ச்சது யாரு?" என்றாள் மனைவி. லெட்டரை மடித்து அவர் பையில் வைத்தாள்.

மறுநாள் காலை, மனைவி சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே எண்ண, சமையலறை நாற்காலியில் எட்டு தடவை எழுந்து உட்கார்ந்தார். ஒரு நிமிடம் நின்று, இன்னொரு எட்டு. இரண்டு பஸ் நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்தார். வழியில் நான்கு இடத்தில் நின்றார்.

மேனேஜர் லெட்டரை இருமுறை படித்தார். "ரெண்டாவது ஆளுக்கு நான் எங்க போறது?"

வாசலில் நின்ற லைன் லீடர் குரல் கொடுத்தாள். "எங்க வரிசையில இருபத்திரண்டு பேர் இருக்கோம் சார். புள்ளையையும் தண்ணிக் குடத்தையும் தூக்கின கைங்க. மிஷின் நின்னா எங்களுக்கும்தானே நஷ்டம்?"

மேனேஜர் லெட்டரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னொரு தடவை கீழ விழுந்துச்சுன்னா ஸ்டோர்தான்" என்று கோப்பில் சொருகினார்.

ஒன்பதரை மணிக்குப் பதினேழாம் நம்பர் நின்றது. மெக்கானிக் மூடியைத் திறந்து பார்த்தார். ஹெட்டை எடுத்தே ஆகவேண்டும். பழக்கத்தில் குனிந்தார், இரண்டு கையையும் அடியில் கொடுத்தார். அப்படியே நின்றார். வரிசையில் யாரும் நிமிரவில்லை. ஆனால் ஒரு மிஷினும் ஓடவில்லை. அவர் கையை எடுத்துவிட்டு, தொண்டையைச் செருமினார்.

"யாராவது வந்து ஒரு பக்கம் பிடிங்கம்மா."

லைன் லீடர் எழுந்து வந்து முந்தானையைச் செருகிக்கொண்டாள்.

"முதுகை வளைக்காதே. முட்டியை மடக்கு, காலால எழும்பு" என்றார் மெக்கானிக்.

"ஏண்ணே, இத்தனை வருஷம் முதுகை வளைச்சுத் தூக்கினது யாரு?"

"அவன் வேற ஆளு. பிடி."

மூன்றுவரை எண்ணினார்கள். பதினேழாம் நம்பரின் ஹெட் மேசையை விட்டு எழும்பி, பக்கத்தில் விரித்திருந்த பழந்துணிமேல் சத்தமில்லாமல் இறங்கியது. லைன் லீடர் கையைத் துடைத்துக்கொண்டு இடத்துக்குப் போனாள். மெக்கானிக் திருப்புளியை எடுத்துக்கொண்டு குனிந்தார், இந்த முறை முட்டியை மடக்கி.