இரண்டாம் ஆளுக்குக் கூலி

மகன் போனதற்கு வந்த பணம் ஒன்பது லட்சம். இன்சூரன்ஸும் அவன் வேலை பார்த்த கம்பெனி கொடுத்ததும் சேர்ந்து. அதற்கு மேல் இருந்த சில்லறை காரியச் செலவுக்குச் சரியாகப் போயிற்று. ஒன்பதையும் மருமகள் பெயரில் வங்கியில் போட்டோம். ரசீதை வாங்கி வந்து பீரோவில் அவனுடைய கைக்கடிகாரத்துக்கு அடியில் வைத்தேன்.

நெசவாளர் சங்கம் ஒன்றில் கணக்கு எழுதியவன் நான். பட்டு நூலையும் ஜரிகையையும் நிறுத்துக் கொடுப்பது, நெய்த புடவையைத் திரும்ப நிறுத்து வாங்குவது, கூலி எழுதுவது. ஓய்வு பெற்ற பிறகும் என் கை நிறுத்துக்கொண்டுதான் இருந்தது. கத்தரிக்காயோ கடுகுப் பொட்டலமோ, கையில் தூக்கிப் பார்த்து, குறைகிறது என்று சொல்லாமல் வாங்கியதில்லை. கடைக்காரர்களுக்கு என்னைக் கண்டால் ஆகாது. மகன் இறந்த பிறகு அது நின்றுவிட்டது. கீரைக்கார அம்மாள் ஒருநாள், “இன்னா பெரியவரே, குடுத்தத அப்படியே வாங்கிக்கினு போற? ஒடம்பு சரியில்லியா?” என்று கேட்டாள்.

உடம்பு நன்றாகத்தான் இருந்தது. சாப்பிட்டேன், தூங்கினேன், பேத்தியின் பள்ளிக்கூட ஷூவுக்குப் பாலிஷ் போட்டேன். துக்கம் என்று மற்றவர்கள் சொன்னது எனக்கு வந்த மாதிரி தெரியவில்லை. காதில் தண்ணீர் புகுந்துகொண்டால் எல்லாச் சத்தமும் தூரத்தில் கேட்குமே, அந்த மாதிரி இருந்தது. மனைவி உயிரோடு இருந்திருந்தால் அவள் அழுதிருப்பாள், நான் பார்த்துக்கொண்டு இருந்திருப்பேன்.

வருஷத் திதி முடிந்த வாரம் மருமகள் சொன்னாள், நர்சிங் படிக்கப் போகிறேன் என்று. அவளுக்கு இருபத்தொன்பது வயது. காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையில் விற்பனைக்கு நிற்கிறாள், சம்பளம் ஒன்பதாயிரத்து ஐந்நூறு. பிளஸ் டூவில் உயிரியல் படித்தவள்.

“இப்ப எதுக்கும்மா நர்சு?” என்றேன்.

“அவரு பதினோரு நாள் ஐசியுல இருந்தாரே மாமா. நான் கண்ணாடிக்கு வெளிய நின்னுக்கினே இருந்தேன். உள்ள இருந்தவங்களுக்குக் கையில வேலை இருந்துச்சு. எனக்கு இல்ல.”

கணக்குப் போட்டுப் பார்க்கலாம் என்றேன். அதுதான் எனக்குத் தெரியும்.

இரண்டு வழி இருந்தது. சமுதாயக் கல்லூரி ஒன்றில் ஒரு வருஷ நர்சிங் உதவியாளர் படிப்பு. அல்லது தனியார் கல்லூரியில் நாலு வருஷப் பட்டம். இரண்டு இடத்துக்கும் நானே பஸ் ஏறிப் போய் விசாரித்தேன். பட்டத்துக்கு வருஷம் எண்பத்தைந்தாயிரம் ஃபீஸ். கல்லூரி பஸ் பதினாலாயிரம். சீருடை, புத்தகம், பரீட்சைக் கட்டணம் என்று பத்தாயிரம். நாலு வருஷத்துக்கு நாலு லட்சத்து முப்பத்தாறாயிரம். அதோடு அவள் கடைச் சம்பளம் நின்றுபோகும், அதையும் வங்கிப் பணத்திலிருந்துதான் எடுத்துச் சாப்பிட வேண்டும். அது நாலு லட்சத்து ஐம்பத்தாறாயிரம். மொத்தம் எட்டு லட்சத்துத் தொண்ணூற்றிரண்டாயிரம். ஒன்பது லட்சத்தில் எட்டாயிரம் மிஞ்சும். யாரோ நமக்காகவே அளந்து வைத்த மாதிரி அந்த எட்டாயிரத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

பட்டம் வாங்கினால் தொடக்கத்தில் பதினெட்டாயிரம் தருகிறார்களாம். இப்போதைய சம்பளத்தைவிட எட்டாயிரத்து ஐந்நூறு கூட. அந்த வித்தியாசத்தில் போட்ட முதல் திரும்ப எட்டு வருஷம் ஒன்பது மாதம் ஆகும். அப்போது அவளுக்கு நாற்பத்திரண்டு நெருங்கும், எனக்கு எண்பத்தேழு. ஒரு வருஷப் படிப்புக்கு ஃபீஸும் விட்ட சம்பளமும் சேர்த்து ஒரு லட்சத்து முப்பத்தொன்பதாயிரம்தான். சம்பளம் பன்னிரண்டாயிரம் என்றாலும் ஐந்து வருஷத்துக்குள் முதல் வந்துவிடும். ரசீதை மொத்தமாக உடைக்கவும் வேண்டாம்.

என் தம்பி அப்போது வந்திருந்தான். கணக்கை அவன் பார்க்கவில்லை.

“புள்ள உயிருக்கு வந்த பணம் அண்ணா, அது. அதப் போயி எடுத்து மருமவள படிக்க வெப்பாங்களா? முடிச்ச கையோட குவைத்துக்கு பறந்துடுவா. அப்பறம் அவ யாரு, நீ யாரு?”

சமையலறையிலிருந்து மருமகளின் குரல் வந்தது. “குவைத்து போனா உங்களுக்கு மொதல்ல கோடாலித் தைலம் அனுப்பறேன் சின்ன மாமா. முட்டி வலி முட்டி வலின்றீங்களே.”

தம்பி காபியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினான். அவன் சொன்னதில் தப்பு இல்லை. அவள் போய்விட்டால் பேத்தியும் போவாள். அந்தக் கட்டத்தை நான் காகிதத்தில் எழுதாமல் விட்டிருந்தேன். அதற்கு எவ்வளவு என்று போடுவது?

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு காகிதத்தை அவளிடம் கொடுத்தேன். பேத்தி பக்கத்தில் படுத்து, தூங்குகிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“எது லாபம்னு சொல்றீங்க மாமா?”

“ஒரு வருஷப் படிப்புதாம்மா. போட்டது சீக்கிரம் திரும்புது.”

“திரும்பினப்பறம்?”

அதற்கு மேல் கணக்கு இல்லை. முதல் திரும்புகிற இடத்தில் நான் கோடு இழுத்திருந்தேன்.

“ஒரு வருஷம் படிச்சவ முப்பது வருஷமும் பெட்பேன்தான் எடுப்பா. ஊசியத் தொட உடமாட்டாங்க. ஐசியுல கிட்டயே சேக்கமாட்டாங்க” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. காகிதத்தை மறுபடி மேலிருந்து கீழே படித்தாள். பிறகு சிரிப்பை அடக்குகிற மாதிரி உதட்டை மடித்துக்கொண்டாள்.

“மாமா, கோர்வைப் புடவைக்கு எத்தினி ஆளு?”

“எனக்கே பாடம் எடுக்கறியா? ரெண்டு.”

புடவையின் உடலையும் கரையையும் தனித்தனி நிறத்தில் நெய்து கோர்ப்பது கோர்வை. நெசவாளர் உடலுக்கு ஊடை நூல் ஓட்டும் நாடா போடுவார், பக்கத்தில் உட்கார்ந்து இன்னொருவர் கரைக்கு நாடா போட வேண்டும். பெரும்பாலும் வீட்டு ஆள்தான். இவள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பிறந்த ஊரான முசரவாக்கத்தில் தறியில் அவள் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள்.

“இதுல ரெண்டாவது ஆளையே காணோமே” என்றாள். “நான் காலேஜுக்குப் போயிட்டா பாப்பாவ ஸ்கூல்லேந்து யாரு கூட்டியாருவா? சோறு யாரு வடிப்பா? ஜொரம் வந்தா யாரு பாத்துக்குவா? நீங்கதானே. நாலு வருஷம் சும்மாவா செய்வீங்க? அதுக்கும் கூலி போடுங்க. போட்டுட்டு சொல்லுங்க, நான் கேட்டுக்கறேன்.”

போட்டேன். பக்கத்துத் தெருவில் ஒரு அம்மாள் இந்த வேலைகளுக்கு மாதம் மூவாயிரம் வாங்குகிறாள். நாற்பத்தெட்டு மாதத்துக்கு ஒரு லட்சத்து நாற்பத்து நாலாயிரம். மொத்தம் பத்து லட்சத்து முப்பத்தாறாயிரம் ஆயிற்று. கையில் இருப்பது ஒன்பது.

பணம் போதாது. இந்த ஒரு தொகையை வாய்விட்டுச் சொன்னால் போதும். அவள் வாக்குவாதம் செய்யமாட்டாள், காகிதத்தை மடித்துக் கொடுத்துவிட்டுப் பாயைப் போடுவாள். மறுநாள் ஒரு வருஷப் படிப்புக்குப் போய்ப் பெயர் கொடுப்பாள். ரசீது கடிகாரத்துக்கு அடியிலேயே இருக்கும். வெளியே நாய் ஒன்று குரைத்துக்கொண்டிருந்தது. அவள் என் பென்சிலையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

“ரெண்டாம் ஆளுக்குக் கூலி கிடையாதும்மா. தறிக்குத்தான் கூலி” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. முப்பத்திரண்டு வருஷம் சங்கத்தில் கூலி வாங்க வந்தவர்களிடம் சொன்ன வார்த்தை. புடவைக்கு ஒரு கூலி, தறி யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயரில் எழுதுவோம். பக்கத்தில் உட்கார்ந்தவருக்குத் தனியாக ஒன்றும் கிடையாது. வாய்க்குப் பழகிப்போன வார்த்தை, வந்துவிட்டது. கடைசி வரியை அடித்துவிட்டேன். மறுபடி எட்டாயிரம் மிஞ்சியது.

“எங்கப்பாவும் இதத்தான் சொல்வாரு” என்றாள். “ஆனா புடவையத் தறியிலேந்து அறுத்து சங்கத்துல குடுத்துட்டு வர்றப்போ ஒரு மிக்சர் பொட்டலம் வாங்கியாருவாரு. அதான் என் கூலி.”

“எனக்கும் அதே போதும்.”

“பல்லு இருக்குதா?”

“ஊறவெச்சித் தின்னுக்கறேன்.”

பேத்தி போர்வைக்குள் சிரித்தாள்.

அடுத்த வாரம் வங்கிக்குப் போனோம். முன்கூட்டி உடைத்தால் வட்டி குறையும் என்றார்கள். சரி என்றேன். முன்பு என்றால் மேனேஜர் வரைக்கும் போய்க் கேட்டிருப்பேன். அவள் கையெழுத்துப் போட்டாள். நாலு வருஷத்துக்கு நாலு ரசீதாகப் பிரித்து, முதல் வருஷத்துக்கானதை எடுத்துக் கல்லூரி ஃபீஸைக் கட்டினோம். வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்து மற்ற மூன்றையும் வைத்தேன். அழுகை வரும் என்று நினைத்துக் கதவைச் சாத்திக்கொண்டுதான் திறந்தேன். வரவில்லை. கடிகாரம் நின்றிருந்தது. அதற்கு பேட்டரி போட வேண்டும் என்று தோன்றியது, போடவில்லை.

கல்லூரி தொடங்கிய அன்று காலை ஏழு மணிக்கு அவள் வெள்ளைச் சீருடையில் பஸ் ஏறினாள். சோறு வடித்தேன், கொஞ்சம் குழைந்துவிட்டது. மாலையில் பேத்தியைக் கூட்டி வந்து, சீவிச் சீவிப் பின்னியும் அவள் ஜடை கோணலாகவே வந்தது. “நாளைக்கி அம்மாவே பின்னட்டும்” என்றாள். “அம்மா நாலு வருஷத்துக்கு காலையிலயே போயிடுவா, கத்துக்கறேன் இரு” என்றேன்.

மருமகள் வரும்போது இருட்டிவிட்டது. ஷூ கடித்து இரண்டு குதிகாலிலும் கொப்புளம். பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தாள். மிக்சர்.

“புடவைக்கு இன்னும் தறியில பாவு நூலே ஏத்தலியே, அதுக்குள்ள கூலியா?” என்றேன்.

“அட்வான்ஸ் மாமா. ரெண்டாம் ஆளு பாதியில எழுந்து போயிடக்கூடாதில்ல.”

பேத்தி பொட்டலத்துக்குக் கை நீட்டினாள். நான் உடனே கொடுக்கவில்லை. உள்ளங்கையில் வைத்து, லேசாக ஒருமுறை தூக்கிப் பார்த்தேன்.

“எவ்வளவுன்னு சொல்லிக் குடுத்தான்?”

“நூறு கிராம்.”

“நூறு இல்ல. தொண்ணூறுகூட இருக்காது. எந்தக் கடை அது, சொல்லு” என்று செருப்பைத் தேடினேன்.