கால் முளைத்த இன்ஜின்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பாவூர்சத்திரம் சந்தையில் மூட்டை தூக்கி, தென்காசியில் சொந்த மளிகைக்கடை வைத்து, 1957இல் கேமராவும் வாங்கினேன். என்னிடம் இருந்த அளவு பழைய ரயில் இன்ஜின் படங்கள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் எவனிடமும் கிடையாது. ஞாயிறு சாயங்காலம் அப்துல் ஜப்பார் ஸ்டுடியோவில் என்னைப் போலக் கிறுக்குப் பிடித்த நாலு பேர் கூடி, படங்களைக் காட்டி மாற்றிக்கொள்வோம். ஆனால் என் படங்கள் பளபளத்தது ஏசுதாசனால்தான். அதை எழுதாமல் விட்டால் நியாயமில்லை.

செங்கோட்டை ஷெட்டில் இன்ஜின் துடைக்கிற வேலை அவனுக்கு. நான் கேமராவோடு போனால், கழிவுப் பஞ்சில் எண்ணெய் தொட்டு, வெள்ளைக்காரன் காலத்து இன்ஜினைக்கூட மாப்பிள்ளை மாதிரி ஆக்கிவிடுவான். துடைத்து முடித்ததும் நான் சத்தம் போடுவேன்.

“ஏலே, தள்ளுலே! படத்துல ஆள் விழப்படாது.”

“இந்தா போயிட்டேன் அண்ணாச்சி” என்று இன்ஜினுக்குப் பின்னால் ஓடி மறைவான். மனுசன் நின்றால் இன்ஜின் படத்துக்கு மதிப்பில்லை என்பது எங்கள் சட்டம்.

ஒரு தடவை படத்தைக் கழுவிப் பார்த்தால், சக்கரங்களுக்கு நடுவே இரண்டு கால்கள். ஜப்பார் விழுந்து விழுந்து சிரித்தார்.

“வே அண்ணாச்சி, உம்ம இன்ஜினுக்குக் கால் முளைச்சிட்டு!”

அவமானத்தில் அதைப் படப் பெட்டிக்குள் அடியில் போட்டேன்.

1964இல் மஞ்சள்காமாலை ஏசுதாசனைக் கொண்டுபோய்விட்டது. அடக்கம் முடிந்து ஒரு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவன் மனைவி ரெபேக்காள் ஸ்டுடியோவுக்கே வந்தாள்.

“அவியள ஒரு படம்கூட எடுத்ததில்ல அண்ணாச்சி. உங்க இன்ஜின் படத்துல எங்கயாவது நிக்காவளான்னு பாருங்க.”

கொண்டுபோயிருந்த பெட்டியை முழுக்கத் துழாவினேன். இருநூறு படம். ஒன்றில்கூட அவன் இல்லை. அவ்வளவு கவனமாக எடுத்திருக்கிறேன். கடைசியில் அடியில் கிடந்ததைக் கூச்சத்தோடு நீட்டினேன்.

ரெபேக்காள் படத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

“அவியதான். ஒரு கால் மேல மறு கால வச்சிருக்காவல்லா? கோயில்ல ஜெபத்துக்கு நிக்கும்போதும் இப்படித்தான் நிப்பாவ.”

யாரும் சிரிக்கவில்லை. ஜப்பார், “கால மட்டும் பெருசாக்கித் தாரேம்மா” என்றார்.

“வேண்டாம் பாய். இன்ஜினும் இருக்கட்டும். அதத் தொடச்சது அவியல்லா.”

நெகட்டிவையும் சேர்த்து அவளிடமே கொடுத்தேன். செங்கோட்டையில் அவள் வீட்டுச் சுவரில், சிலுவைக்குக் கீழே தொங்குகிறது. நான் எடுத்ததில் சட்டம் போட்டு மாட்டிய படம் அது ஒன்றுதான்.