கலைப்பாளரின் நன்னடத்தை

எங்கள் தொழிற்சாலை மூடப்பட்டு ஐந்தாண்டுகள் கழிந்த பிறகு, அதில் வேலை பார்த்த அனைவருக்கும் பதிவுத் தபாலில் ஓர் அறிவிப்பு வந்தது. சொத்துகளை விற்று நிறுவனத்தைக் கலைக்கும் பணி நிறைவடைந்துவிட்டதால் கலைப்பாளரை ‘விடுதலை’ செய்யுமாறு நீதிமன்றத்தில் மனுச் செய்யப்பட்டிருக்கிறது, ஆட்சேபம் உள்ளவர்கள் நேரில் வரலாம் என்றிருந்தது. பொறுப்பிலிருந்து விடுவிப்பது என்று எழுதவேண்டிய இடத்தில் யாரோ அவசரக்காரர் இட்ட சொல் அது.

அன்று மாலையே பாய் அந்தத் தாளோடு ஓசூரில் இருந்த என் வீட்டுக்கு வந்தார். வேப்பனப்பள்ளிக்காரர். கிரைண்டிங் பிரிவில் பதினாறு ஆண்டுகள் நின்றவர். நான் அங்கே பணியாளர் பிரிவில் எழுத்தராக இருந்தேன்.

“லிக்விடேட்டரு எப்ப மேடம் உள்ள போனாரு? நமக்கு ஒருத்தரும் சொல்லவே இல்ல.”

“உள்ள போகல பாய். வேலை முடிஞ்சுதுன்னு கோர்ட்டுல அனுப்பி வெக்கிறாங்க.”

“அவருக்கும் ரிலீவிங் லெட்டரா?” என்று சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றது.

காரணம் இருந்தது. கர்நாடக எல்லைக்கு அப்பால் அத்திப்பள்ளியில் ஒரு தொழிற்சாலை அவரை எடுத்துக்கொள்ள இசைந்திருந்தது. பழைய நிறுவனத்தின் பணிவிடுப்புக் கடிதத்தை மாத முடிவுக்குள் தரவேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. எங்கள் நிறுவனத்தின் பெயரால் கையெழுத்திடும் அதிகாரம் இந்த உலகில் ஒருவருக்குத்தான் மிஞ்சியிருந்தது. அவரும் விடுவிக்கப்பட்டுவிட்டால் அந்தக் கடிதத்தை இனி எவராலும் தர இயலாது.

அந்த ஒருவரை நான் நன்கு அறிவேன். சென்னையிலிருந்து காரில் வருவார். மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு தொழிற்சாலையைச் சுற்றுவார். இரண்டு பட்டங்கள் பெற்ற என்னை “ஏம்மா” என்றும், என்னைவிட மூத்த ஃபோர்மேனை “யோவ்” என்றும் அழைப்பார். வாசலில் நின்ற புங்கமரத்தைக்கூட மறக்காமல் சொத்துப் பட்டியலில் சேர்த்தவர், பணிப் பதிவேடுகளை ஒழுகும் கொட்டகையில் போட்டு மழைக்குக் கொடுத்தார். பாயின் கடிதத்துக்காக நான்கு முறை எழுதினேன். நான்காவதற்குத் தொலைபேசியில் பதில் கிடைத்தது: “கம்பெனியே இல்லம்மா. இல்லாத கம்பெனி எப்படி ரிலீவ் பண்ணும்?” இல்லாத அந்த நிறுவனத்தின் பெயரால்தான் அவர் எங்கள் இயந்திரங்களை விற்றுக்கொண்டிருந்தார். அதைச் சொல்லுமுன் தொடர்பைத் துண்டித்துவிட்டார்.

ஆகவே ஆட்சேபத்தை என் பெயரில் எழுதி அனுப்பினேன். மழைக்குத் தப்பிய என் குறிப்பேட்டிலிருந்து பாயின் பணிக்காலத்தை எடுத்து, கடிதத்தையும் நானே தட்டச்சு செய்துகொண்டேன். விசாரணை நாளில் இருவரும் சென்னை சென்றோம். பாய் இஸ்திரி போட்ட பழைய தொழிற்சாலைச் சட்டையை அணிந்திருந்தார். அதன் பையில் இருந்த நிறுவனச் சின்னத்தின் நூல் பிரிந்த இடத்தை, அதே நீலத்தில் நூல் தேடித் தைத்திருந்தார். பேருந்தில் அதைக் கவனித்தேன்.

கலைப்பாளரின் வழக்கறிஞர் எழுந்து, ஆட்சேபம் ஏதும் இல்லை என்றார். என் பெயர் அவர் கையிலிருந்த கோப்பிலேயே இருந்தது. நான் எழுந்து நின்றேன். நீதிபதி முழுவதையும் கேட்டார்.

“ஒரு கையெழுத்துதானே? மதியத்துக்குள்ள முடிச்சுட்டு வாங்க. அப்புறம் ஆர்டர் போடறேன்.”

அப்படியாக எங்களுக்கு ஓர் உணவு இடைவேளை கிடைத்தது. கலைப்பாளர் தாழ்வாரத்துப் பெஞ்சில் அமர்ந்து மெதுவடை தின்றுகொண்டிருந்தார். கடிதத்தை நீட்டினேன். எண்ணெய் விரலால் வாங்கி, கடைசி வரியில் அந்த விரலை வைத்தார்.

“‘நடத்தை நன்று’ன்னு போட்டிருக்கியேம்மா. இந்த ஆளோட நடத்தை எனக்கு எப்படித் தெரியும்? தெரியாத ஒண்ணுக்கு நான் கையெழுத்துப் போடறதில்ல.”

பாய் தலை குனிந்துகொண்டார். ஐந்தாண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்த பொறுமை அந்த இடத்தில் எனக்குப் பயன்பட்டது.

“உங்க நடத்தை நல்லா இருந்துச்சான்னுதான் சார், மதியம் கோர்ட்டுல எழுதப் போறாங்க. எங்ககிட்ட கேக்கல. கேட்டா சொல்லலாம்னு இருக்கோம்.”

அவர் சட்டைப் பையைத் தடவினார். பேனா இல்லை. ஒரு நிறுவனத்தையே முடித்து வைக்க வந்தவரிடம் பேனா இல்லை. பாய் தம்முடையதைக் கொடுத்தார். கையெழுத்தும் முத்திரையும் விழுந்தன. வடை எண்ணெய் தாளின் ஓரத்தில் ஒரு வட்டமாக ஊறி நின்றது. எங்கள் நிறுவனத்திற்கு அவர் இட்ட முத்திரைகளில் நேர்மையானது அதுதான் என்று தோன்றியது. பேனாவை அவர் திருப்பித் தரவில்லை.

அத்திப்பள்ளியில் அந்த எண்ணெய்க் கடிதத்தை ஏற்றுக்கொண்டார்கள். சில வாரங்களில் நீதிமன்ற உத்தரவின் நகல் எனக்கு வந்தது. இரண்டாவது ஷிப்டுக்குப் போகும் வழியில் பாய் எட்டிப் பார்த்தபோது, பொருளைத் தமிழில் சொன்னேன்: கலைப்பாளரின் நடத்தை திருப்திகரமாக இருந்ததாக நீதிமன்றம் கருதுகிறது, ஆகவே அவர் விடுவிக்கப்படுகிறார்.

பாய் நகலை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

“நான் பதினாறு வருஷம் வேல செஞ்சேன். ஃபோர்மேன் பாத்தாரு, நீங்க பாத்தீங்க. அவருகூட யாரு மேடம் வேல செஞ்சது, கோர்ட்டா?”

“இல்ல பாய். அவரே எழுதிக் கொடுத்த அறிக்கையைப் படிச்சாங்க.”

“அவரே எழுதிக்கினாரா?” என்றார் பாய். “நல்ல லெட்டர்தான். எண்ணெகூட படல.”

பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தார். சட்டைப் பையில் புதுப் பேனா இருந்தது.